ஐம்பத்தொரு கிலோ

கும்மிடிப்பூண்டி செல்லும் மின்ரயில் பொன்னேரியில் பாதி காலியாகிவிடும். மிச்சமிருப்பவர்களில் பலர் சிப்காட் தொழிற்பேட்டையில் இரண்டாம் ஷிப்டுக்குப் போகிறவர்கள். தோளில் ஒரு பை, பைக்குள் சாப்பாட்டு டப்பா, கழுத்தில் அடையாள அட்டை. தமிழை விட ஒரியாவும் போஜ்புரியும் அதிகமாய்க் காதில் விழும் பெட்டிகள் உண்டு. சில மாதங்களுக்கு முன் அப்படியொரு பயணத்தில்தான் என் இளம் நண்பர் அந்தக் கேள்வியைக் கேட்டார். எங்கள் வாசிப்புக் கூட்டத்துக்கு ஷிப்டு அனுமதிக்கிறபோதெல்லாம் வருகிறவர். ஒரு பவுண்டரியில் ஒப்பந்தத் தொழிலாளி. புதுமைப்பித்தனை முழுக்கப் படித்தவர்.

"மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸ் கிளாஸ்ல சேரலாம்னு இருக்கேன் அண்ணா. இங்கதான், ஒரு மாடியில நடத்துறாங்க. ஆனா நான் ஐம்பத்தொரு கிலோதான். அதுவும் ஷூவோட."

ஏன் சேர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேலையிடத்தில் ஏதோ நடந்திருக்கிறது. ஒரு கை ஓங்கப்பட்டிருக்கிறது, அல்லது ஒரு சட்டைக் காலர் பிடிக்கப்பட்டிருக்கிறது. அதை அவர் சொல்லிமுடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இருபத்து நான்கு வயது ஆண் ஒருவன் தன் எடையைக் கிலோவில் சொல்லிவிட்டுத் தலை குனிவதைப் பார்ப்பது சங்கடமானது. எனக்குச் சண்டை தெரியாது. வாழ்நாளில் ஒரே ஒருமுறை பள்ளி மைதானத்தில் அடி வாங்கியிருக்கிறேன், அதிலும் திருப்பி அடிக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பழைய புத்தகங்கள். ஆகவே அவருக்கு அன்று சொல்ல முடியாத பதிலைப் பழைய புத்தகங்களில் தேடினேன். அந்தத் தேடலே இக்கட்டுரை.

தமிழில் மற்போரைப் பற்றித் தேடுகிறவன் முதலில் போய் நிற்கிற இடம் ஆமூர். முக்காவல் நாட்டு ஆமூரில் இருந்த மல்லனைச் சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி எதிர்த்து வென்றான். சாத்தந்தையார் அதைப் புறநானூற்றின் 80, 81, 82 ஆம் பாடல்களில் பாடியிருக்கிறார். எண்பதாம் பாட்டைப் படிக்கும்போது, பார்த்தவன் எழுதியது இது என்ற உணர்வு ஏற்படும். வாள் இல்லை, யானை இல்லை, கொடி இல்லை. இரண்டு உடல்கள் மட்டுமே. ஒரு கால் எதிராளியின் மார்பை அழுத்துகிறது. இன்னொரு கால் அவன் செய்ய முயலும் தந்திரத்தைத் தடுத்து முதுகில் வளைகிறது. பசித்த யானை மூங்கிலை முறிப்பது போலத் தலைப்பக்கமும் கால்பக்கமும் ஒருசேர ஒடிகிறது மல்லனின் உடல். இன்றைய கூண்டுச் சண்டைகளை வர்ணிக்கிறவர்கள் கூட இவ்வளவு துல்லியமாகக் கால்களின் வேலையைச் சொல்வதில்லை. மகன் வென்ற இந்தக் காட்சியை அவனோடு பகைத்திருந்த தந்தை தித்தன் மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் ஒருமுறை பார்க்கட்டும் என்று புலவர் வேறு சொல்கிறார். அந்த ஒரு வரியில் முழு நாவலுக்கான விஷயம் ஒளிந்திருக்கிறது. நமக்கு இப்போது அது வேண்டியதில்லை.

வேண்டியது 82 ஆம் பாட்டு. அங்கே வீரனுக்கு உவமை புலி அன்று, களிறு அன்று. கட்டிலுக்கு வார் பின்னுகிற ஒரு தொழிலாளி. ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி, மழை பெய்கிறது, பொழுதும் இறங்குகிறது. அந்த அவசரத்தில் கட்டிலைப் பின்னி முடிக்க விரையும் அவன் கையில் இருக்கும் ஊசியின் வேகம்தான் சோழனின் சண்டை வேகம். அன்றைய சமூகம் இழிந்தவன் என்று பெயரிட்டு ஒதுக்கிய ஒருவனின் கைவேகத்தை அரசனின் வெற்றிக்கு ஈடாக வைத்தார் சாத்தந்தையார். நான் இதில் வேறொன்றையும் பார்க்கிறேன். புலவர் பாராட்டுவது பலத்தை அன்று. தினமும் செய்து செய்து, யோசனையைக் கடந்து கைக்குள் இறங்கிவிட்ட ஒரு பழக்கத்தை. பவுண்டரித் தொழிலாளிக்கு இது விளங்காத விஷயம் அன்று.

நேர்மையாகச் சொன்னால் கிள்ளி சிறியவன் அல்லன். அவனைக் காதலித்துப் பாடிய நக்கண்ணையார், கூழ் குடித்தும் பெருந்தோள் உடையவன் என்கிறார் 84 இல். ஆனால் 85 ஆம் பாட்டு அவனை வேறொரு வகையில் சிறியவனாக்குகிறது. இது அவன் ஊர் அன்று, இது அவன் நாடும் அன்று. கூடியிருக்கும் கூட்டத்தில் சிலர் அவனுக்கே வெற்றி என்கிறார்கள், சிலர் இல்லை என்கிறார்கள். அவளோ காற்சிலம்பு ஒலிக்க ஓடி, தன் வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று, அவன் வெல்வதைத் தன் கண்ணால் பார்க்கிறாள். ஊரில்லாதவன் களத்தில் இறங்கும்போது அவன் பாதி எடையை இழந்துவிடுகிறான். ரயில் பெட்டியில் போஜ்புரி பேசிக்கொண்டிருந்த பையன்களையும், 1990 முதல் கும்மிடிப்பூண்டி அகதிகள் முகாமில் வாழ்கிற ஈழத்தவர்களையும் நினைத்துக்கொண்டேன்.

மல்லனில் இருந்து நேரே வட சென்னைக்கு வருகிறேன். நடுவில் நரசிம்மவர்மப் பல்லவன் இருக்கிறான். அவனது மாமல்லன் என்ற பட்டத்துக்கே பெரும் மல்லன் என்றுதான் பொருள், திருவள்ளூர் நிலமும் அவன் ஆண்ட தொண்டை மண்டலமே. ஆனால் அரசர்களின் பட்டங்கள் முதல்நாள் பயிற்சிக்குப் போகிறவனுக்கு எதையும் சொல்வதில்லை. வட சென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகள் சொல்லும். ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு. துறைமுகமும் ஆலைகளும் ரயில்வே பணிமனைகளும் சூழ்ந்த இந்தத் தெருக்களில் வெள்ளைக்காரச் சிப்பாய்களிடமும் ஆங்கிலோ இந்தியர்களிடமும் பார்த்துப் பழகிய ஆங்கிலக் குத்துச்சண்டையைத் தொழிலாளிகள் தமதாக்கிக்கொண்டார்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று அவை பெயர் பெற்றன. பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' 2021 இல் வந்தபிறகு இந்தப் பெயர்கள் திருநெல்வேலி வரை தெரிந்துவிட்டன. அதற்கு முன் கித்தேரி முத்து என்ற பெயரைச் சொன்னால் நிமிர்ந்து உட்கார்கிற கிழவர்கள் காசிமேட்டில் மட்டுமே இருந்தார்கள்.

படம் பார்த்தவர்கள் எல்லாரும் ஆர்யாவின் தோள்களைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு மனதில் நின்றவன் டான்சிங் ரோஸ். தோற்கிற பாத்திரம்தான். ஆனால் அவன் ஆடுகிற ஒவ்வொரு அடியிலும், நீ என்னை அடிக்க வேண்டுமானால் முதலில் நான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடி என்ற கேலி இருந்தது. குத்துச்சண்டைக் கலையில் எடை குறைந்தவன் சொல்லக்கூடிய ஒரே நியாயமான வாதம் அது.

பரம்பரை என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அது வெறும் குழுப்பெயர் அன்று, நுழைவாயில். அந்தத் தெருவில் பிறந்தவனுக்கு, அப்பா அல்லது மாமா போட்டவருக்கு, வாத்தியார் வீடு தெரியும். முதல்நாள் அடி வாங்கினாலும் அவனை வீட்டில் கொண்டுவந்து விட ஆள் இருக்கும். 1996 இல் பின்னி ஆலை மூடியது. தொழிற்சாலைகள் ரயில் பாதையோடு வடக்கே நகர்ந்தன, எண்ணூர், மணலி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி என்று. வேலை நகர்ந்தது. வாத்தியார் நகரவில்லை. பழைய வட சென்னைத் தொழிலாளியின் உழைப்பும் களைப்பும் அவமானமும் இன்று கும்மிடிப்பூண்டியில் இருக்கின்றன, ஆனால் அவனுக்கிருந்த பரம்பரை இங்கே இல்லை. வாடகை அறையில் ஏழு பேராகப் படுத்திருக்கிற ஒருவன் யாருடைய மருமகனாக எந்த வாத்தியாரிடம் போவான்? மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு மாடியில் ரப்பர் விரிப்பு போட்டிருக்கிற பயிற்சியாளரிடம் போவான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கட்டணம் கட்டினால் சாதி, தெரு, மாமன் எதையும் கேட்காத ஒரு வாசல் திறக்கிறது என்பதும் சிறிய விஷயம் அன்று.

என் நண்பருக்கு நிஜமாகவே ஒரு முன்னோடி உண்டென்றால் அவர் நம் ஊரில் இல்லை. தோக்கியோவில் இருந்தார்.

ஜிகோரோ கானோ 1860 இல் பிறந்தவர். ஐந்தடிக்குச் சற்றே மேற்பட்ட உயரம், மெலிந்த உடல். தோக்கியோவில் ஓர் உறைவிடப் பள்ளியில் சேர்ந்தார். படிப்பில் முதல்வர், ஆகவே பலசாலிப் பையன்களின் முதல் இலக்கும் அவரே. ஜுஜுத்சு என்றொரு கலை உண்டு, அதில் பலமில்லாதவன் பலமுள்ளவனை வெல்லலாம் என்று கேள்விப்பட்டார். ஆனால் கற்றுத்தர ஆள் கிடைக்கவில்லை. மெய்ஜி ஆட்சி வந்து சாமுராய்களின் காலம் முடிந்திருந்தது. பழைய கலைகள் நாகரிகமற்றவை என்று கருதப்பட்டன. ஜுஜுத்சு ஆசான்களில் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியர்களாகிப் பிழைத்தார்கள். எனவே கானோ எலும்பு வைத்தியர்களின் வாசல்களைத் தேடித் தேடிப் போனார், இவர்களில் யாராவது பழைய ஆசானாக இருப்பாரா என்று.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குப் புத்தூர் ஞாபகம் வந்தது. திருவள்ளூரில் இருந்து திருத்தணி வழியாக ரயிலில் போனால் வருகிற ஆந்திரத்துப் புத்தூர். கை கால் முறிந்தால் சென்னையின் பெரிய மருத்துவமனைகளைத் தாண்டிப் புத்தூர்க் கட்டுக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம்மிடமும் சிலம்ப ஆசானும் வர்ம வைத்தியரும் பல ஊர்களில் ஒருவரே. உடைக்கத் தெரிந்தவனுக்கே கட்டத் தெரியும் என்ற தர்க்கம் தோக்கியோவுக்கும் தென் தமிழகத்துக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

ஒரு வைத்தியரின் மூலமாக 1877 இல் ஹச்சினோசுகே ஃபுகுதா என்ற ஆசானை கானோ அடைந்தார். முதல் பாடமே விசித்திரமானது. ஆசான் அவரைத் தூக்கி எறிந்தார். இதை எப்படிச் செய்தீர்கள், கையை எங்கே வைத்தீர்கள், காலை எப்படி நகர்த்தினீர்கள் என்று படித்த பிள்ளையாய் கானோ கேட்டார். வா என்றார் ஆசான், மறுபடி எறிந்தார். மறுபடி கேள்வி. மறுபடி எறிதல். விளக்கம் கேட்டு இது விளங்காது, எண்ணிக்கையில்தான் விளங்கும் என்பதே கடைசியில் கிடைத்த பதில். உடல் முழுக்கச் சிராய்ப்பு. கால்களில் பற்றுப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போன கானோவை நண்பர்கள் கேலி செய்தார்கள்.

எதற்காக எறிகிறார்கள் என்று பிறகு புரிந்தது. தொடக்கத்தில் ஒருவன் கற்க வேண்டியது அடிப்பது அன்று, விழுவது. தலையை மோவாயோடு ஒடுக்கி, முதுகை வளைத்து, உள்ளங்கையும் முன்கையும் தரையில் ஒன்றாக அறைய விழத் தெரிந்தால் விழுந்த வேகம் உடலெங்கும் பரவிக் கரைகிறது. விழத் தெரியாதவனுக்குப் பயம் இருக்கும், பயம் இருப்பவன் உடலை விறைப்பாக்குவான், விறைத்த உடலை எறிவது எளிது. சிறியவன் பெரியவனிடம் விழுந்துதான் ஆக வேண்டும் என்பதை மறைக்காத ஒரே பாடம் இது. அதனாலேயே எனக்கு இதன் மேல் நம்பிக்கை ஏற்பட்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. கானோவோடு பயின்றவர்களில் ஃபுகுஷிமா என்றொருவர், கானோவை விட மிகக் கனமானவர். எவ்வளவு முயன்றும் அவரை வீழ்த்த முடியவில்லை. கானோ என்ன செய்தார்? முதலில் ஒரு சுமோ மல்லரிடம் போய் அவர்களது பிடிகளைக் கேட்டறிந்தார். அவை பலிக்கவில்லை. நூலகத்துக்குப் போனார். மேற்கத்திய மல்யுத்தத்தைப் பற்றிய நூல்களைப் புரட்டினார். அங்கே, எதிராளியின் கீழே நுழைந்து அவனைத் தோள்களின் குறுக்கே சுமந்து எறியும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். நண்பர்களிடம் பழகிப் பார்த்தார். பிறகொரு நாள் ஃபுகுஷிமா காற்றில் பறந்தார். தோள்சக்கரம் என்று பொருள்படும் காதா குருமா என்ற பெயரில் இன்றும் ஜூடோவில் இருக்கிற எறிதல் அதுவே.

கலப்புத் தற்காப்புக் கலை என்பது தொலைக்காட்சிக்காக அமெரிக்கர்கள் கண்டுபிடித்த வியாபாரம் என்று நினைக்கிறவர்கள் இந்த நூலகக் காட்சியை யோசிக்க வேண்டும். ஒரே முறை போதும் என்று இருப்பவன் பலசாலி. அவனுக்குத் தன் முறையை விட்டு வெளியே வரக் காரணம் கிடையாது. சுமோக்காரனின் வாசலிலும் அந்நிய மொழிப் புத்தகத்திலும் போய் நிற்க வேண்டிய தேவை தோற்றுக்கொண்டே இருக்கிற சிறியவனுக்குத்தான் உண்டு. கலப்பு என்பதே அவனது தேவையில் பிறந்தது. அந்த மாடிப் பயிற்சிக் கூடத்துக்குள் நுழைகிற ஐம்பத்தொரு கிலோ ஆள் வேறு யார் வீட்டுக்கோ வந்த விருந்தாளி அல்லன்.

1882 இல் எய்ஷோஜி என்ற பௌத்தக் கோயிலின் ஒரு பகுதியில், பன்னிரண்டு பாய்கள் விரிக்கும் இடத்தில், கானோ தன் பள்ளியைத் தொடங்கினார். கோடோகன் என்று பெயர். அவர் தன் கொள்கையை எண்களால் விளக்குவார். எதிராளியின் பலம் பத்து, என் பலம் ஏழு. அவன் முழுமூச்சாய்த் தள்ளும்போது நான் எதிர்த்தால் தோற்பேன். ஒதுங்கி விலகினால் அவன் சமநிலை இழந்து குனிகிறான். அந்தக் கணத்தில் அவன் பலம் மூன்று. என்னிடம் ஏழும் அப்படியே இருக்கிறது. இன்னொன்றையும் கானோ தன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இளமையில் தான் முன்கோபக்காரன், பயிற்சி தொடரத் தொடர அது தணிந்தது என்று. பழிவாங்கச் சேர்ந்தவனுக்குப் பழிவாங்கும் ஆசை கரைந்துபோவது ஒரு வகையில் நஷ்டம்தான். அந்த நஷ்டத்தைப் பற்றி அவர் புகார் செய்யவில்லை.

இதோடு நிறுத்தினால் நான் பொய் சொன்னவனாவேன். சிறியவன் பெரியவனை வெல்வான் என்பது பாதி உண்மை. மீதிப் பாதியை ஹாலந்துக்காரர் ஆண்டன் கேஸிங்க் காட்டினார். கிட்டத்தட்ட ஆறரை அடி உயரம். 1956 இல் தோக்கியோவில் நடந்த முதல் உலக ஜூடோப் போட்டியில் எடைப் பிரிவே கிடையாது, நுட்பம் எடையை வெல்லும் என்று நம்பியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. 1961 இல் பாரிஸில் கேஸிங்க் உலகப் பட்டத்தைக் கொண்டுபோனார். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறை சேர்க்கப்பட்டபோது எடைப் பிரிவுகள் வந்துவிட்டன. எடை பாராத பிரிவு ஒன்றும் மிச்சமிருந்தது. அதில் சொந்த மண்ணில், சொந்தக் கூட்டத்தின் முன், ஜப்பானின் கமினாகாவை கேஸிங்க் அழுத்திப் பிடித்துத் தங்கம் வென்றார். ஏழும் மூன்றும் என்ற கணக்கைப் பெரியவனும் கற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல விடை இல்லை. பலம் பத்து உள்ளவனுக்கு நுட்பமும் சமமாக வந்துவிட்டால் ஏழு ஏழாகவே நிற்கும்.

எடைப் பிரிவு என்ற ஏற்பாட்டின் அருமை அங்கேதான் தெரிகிறது. குத்துச்சண்டையில் அது முன்னரே நிலைபெற்றிருந்தது. லண்டனின் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் 1909 இல் எட்டு எடைப் பிரிவுகளை நிலைப்படுத்தியது. அதில் கடைசிப் பிரிவான 'ஃபிளை', அதாவது ஈ எடை, 112 பவுண்டு, ஏறத்தாழ ஐம்பத்தொரு கிலோ. இந்த எண்ணைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் நண்பர் தலைகுனிந்து சொன்ன எடை ஓர் உலகப் பட்டத்தின் எல்லைக்கோடு.

அந்தப் பட்டத்தை 1916 இல் வென்று 1923 வரை வைத்திருந்தவர் ஜிம்மி வைல்டு, வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. அந்த எல்லையைக் கூட அவர் எட்டியதில்லை, பல சண்டைகளில் நூறு பவுண்டை ஒட்டிய எடையில்தான் இறங்கினார். சிறுவனாகச் சுரங்கத்தில் சேர்ந்தபோது மற்றவர் நுழைய முடியாத குறுகிய பொந்துகளில் அவர் உடல் நுழைந்தது. திருவிழாக் கொட்டகைகளில் யார் வேண்டுமானாலும் வந்து மோதலாம் என்ற அறிவிப்பின் கீழ்த் தன்னைவிட இரண்டு மடங்கு எடையுள்ளவர்களோடு காசுக்குக் குத்துச்சண்டை போட்டார். கையில் சுத்தியல் வைத்திருக்கும் பேய் என்று அவரை அழைத்தார்கள். 1923 இல் அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்தவரும் ஒரு சிறிய மனிதரே, பிலிப்பைன்ஸைச் சேர்ந்த பான்சோ வில்லா. வேல்ஸ் சுரங்கமும் மணிலாவும் ஒரே மேடையில் சந்திப்பதற்கு அந்த 112 பவுண்டு எல்லை தேவைப்பட்டது. நம் தமிழகத்தின் வி. தேவராஜன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இறங்கியதும் இதற்கு அடுத்த பாண்டம் பிரிவில்தான், 54 கிலோ. 1994 இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் பெற்றார். அந்தப் பெயரைத் தெருவில் கேட்டால் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பிரேசில் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இணையத்தில் அது போதுமான அளவு பாடப்பட்டிருக்கிறது. கோடோகனில் பயின்ற மிட்சுயோ மயேதா நாடு நாடாகச் சுற்றிப் பலதரப்பட்ட மல்லர்களோடு மோதி, கடைசியில் பிரேசிலில் தங்கினார். அவரிடம் கார்லோஸ் கிரேசி கற்றார். கார்லோஸின் தம்பி ஹெலியோ உடல் நலிந்தவர், நின்று எறிய வலுவில்லாதவர். மல்லாந்து கிடந்தபடியே சண்டையிடும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். அதன் தர்க்கம் எளியது. தோற்றவன் கிடக்கும் நிலை என்று உலகம் நினைப்பது மல்லாந்து கிடப்பது. ஆனால் அங்கே இரண்டு கால்கள் சும்மா இருக்கின்றன. சிறியவனின் கால், பெரியவனின் கையை விட வலியது. இரண்டு தொடைகளுக்கிடையே ஒரு கழுத்தை மாட்டினால், அல்லது முழு உடலையும் ஒரே ஒரு முழங்கைக்கு எதிராகத் திருப்பினால், கணக்கு மாறிவிடுகிறது. சாத்தந்தையார் பாடிய கால்களை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

1951 இல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானின் மசாஹிகோ கிமுரா ஹெலியோவின் கையை முறுக்கினார். ஹெலியோ தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை, எலும்பு முறிந்தது. ஓரத்தில் இருந்து கார்லோஸ் குறுக்கிட்டுச் சண்டையை நிறுத்தினார். அந்த வீரத்தைப் போற்றுகிறவர்கள் பலர். நான் போற்றவில்லை. இன்று எந்தப் பயிற்சிக் கூடத்திலும் முதல்நாள் சொல்லித்தரும் விதி, பிடி இறுகினால் எதிராளியின் உடலிலோ தரையிலோ தட்டு, உடனே விட்டுவிடுவான் என்பது. தட்டத் தெரியாத தொடக்கக்காரன் ஆறு வாரம் கட்டோடு உட்கார்வான், ஷிப்டும் போகும், சம்பளமும் போகும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு உடைந்த கை என்பது வீரம் அன்று, வேலை நீக்கம்.

1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வரில் ஹெலியோவின் மகன் ராய்ஸ் எடைப்பிரிவே இல்லாத ஒரு போட்டியில் ஒரே இரவில் மூவரை வீழ்த்தினார். யுஎஃப்சி தொடங்கியது அன்று. சிறியவனின் வெற்றி என்று அது விளம்பரமாயிற்று. ராய்ஸ் ஆறடி உயரம், எண்பது கிலோ. கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் நின்றால் நாமெல்லாம் நிமிர்ந்துதான் பார்க்க வேண்டும். எதிராளிகள் அவரது கலையை அறிந்திருக்கவில்லை என்பதும் அந்த வெற்றியின் பெரும்பகுதி. அவர்கள் அறிந்துகொண்டதும் ஜூடோவில் நடந்ததே இங்கும் நடந்தது. 1997 இல் எடைப் பிரிவுகள் வந்தன, ஆனால் அடி எல்லை 200 பவுண்டு. அதற்குக் கீழே உள்ள மனிதகுலம் முழுவதும் ஒரே பிரிவு! ஈ எடை யுஎஃப்சிக்குள் வருவதற்கு 2012 ஆகிவிட்டது. அதன் முதல் பட்டத்தைப் பெற்ற டெமட்ரியஸ் ஜான்சன் ஐந்தடி மூன்று அங்குலம். அதற்கு முந்தைய ஆண்டு வரை கிடங்கில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே மேடையேறியவர். ஷிப்டு முடித்துவிட்டுப் பயிற்சிக்குப் போவது என் நண்பர் மட்டும் படும் பாடு அன்று.

சிறிய உடலுக்கு இடமில்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். மேரி கோம் 46, 48 கிலோ பிரிவுகளில் உலகப் பட்டங்கள் வென்றவர். 2012 இல் லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முறையாக வந்தபோது மிகச் சிறிய பிரிவே 51 கிலோ. தன் இயல்பான எடைக்கு மேலே ஏறித் தன்னைவிடப் பெரியவர்களோடு மோதி அவர் கொண்டுவந்தது வெண்கலம். அந்த வெண்கலத்தை நான் எப்போதும் தங்கத்தோடுதான் சேர்த்து எண்ணுவேன். 2024 ஜூனில் யுஎஃப்சி மேடையில் வென்ற முதல் இந்தியர் என்ற பெயரைப் பெற்றவரும் ஒரு பெண், உத்தரப் பிரதேசத்தின் பூஜா தோமர். அவரது பிரிவு 115 பவுண்டு. ஐம்பத்திரண்டு கிலோ.

இதையெல்லாம் நண்பரிடம் ஒருநாள் பொன்னேரி ரயில் நிலையத்தின் நடைமேடையில் உட்கார்ந்து சொன்னேன். மேடையில் எடைப் பிரிவு உண்டு, பயிற்சி விரிப்பில் கிடையாது என்றேன். அங்கே எழுபது கிலோக்காரன்தான் ஜோடியாக வருவான். முதல் மூன்று மாதம் நீங்கள் விழுவீர்கள், தட்டுவீர்கள், வேறொன்றும் செய்யமாட்டீர்கள். உங்கள் காலரைப் பிடித்தவனை இதைக்கொண்டு அடிக்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம், அவனுக்குப் பின்னால் நான்கு பேர் வருவார்கள், நான்கு பேருக்கு எதிராக எந்தக் கலையும் இல்லை. சேரும் முன் ஒரு வகுப்பைச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். புதியவனைத் தட்டியபிறகும் விடாமல் பிடிக்கிற பழைய மாணவனைப் பயிற்சியாளர் கண்டிக்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள். கண்டிக்காவிட்டால் அடுத்த ரயிலில் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த ஊசிக்காரர் பாட்டு எத்தனாவது அண்ணா?" என்றார். எண்பத்திரண்டு என்றேன். கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

போன வாரம் அழைத்தார். சேர்ந்து ஏழு வாரம் ஆகிறதாம். ஆந்திரப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு லாரி டிரைவர்தான் வழக்கமான ஜோடி, எண்பது கிலோ, நல்ல மனிதர், எறிந்துவிட்டுக் கைகொடுத்து எழுப்புகிறாராம். இரண்டு முழங்காலிலும் புத்தூர் எண்ணெய் போட்டிருப்பதால் ஷிப்டில் பக்கத்தில் நிற்பவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள் என்றார். எடை என்ன என்று கேட்டேன். ஐம்பதரை என்றார்.